கோபித்துக்கொண்டு போகாத வாத்து: ஏரிக்கரையில் நின்று பறக்கும் காட்டு வாத்துகளைப் படம்பிடிக்க

முதல் சீசனில் எடுத்த வாத்துப் படங்களை எங்கள் ஊர் டீக்கடையில் கைபேசியில் காட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, எல்லா வாத்தும் உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரியே இருக்கே?” என்றார். மறுக்க முடியவில்லை. எல்லாம் வால், முதுகு, விரித்த சிறகின் பின்பக்கம். லென்ஸ் பத்தவில்லை என்று நினைத்து, நண்பர் ஒருவரிடம் 600 மி.மீ. லென்ஸை இரண்டு வாரம் இரவல் வாங்கினேன். முதுகு இன்னும் பெரிதாக வந்தது.

நான் நின்ற இடம்தான் தப்பு. இது புரிய எனக்கு ஒரு முழு சீசன் போனது. எனக்குப் பழக்கமானவை செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாசன ஏரிகள். அவற்றை வைத்தே சொல்கிறேன், உங்கள் ஊர் நீர்நிலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வலசை வாத்துகள் வந்து சேரும்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச்சிறகி, குள்ளத்தாரா மூன்றும் இங்கேயே இருப்பவை. கேமரா வாங்கிய கையோடு டிசம்பரிலேயே ஏரிக்கு ஓடத் தோன்றும். ஓடுங்கள், பழகிக்கொள்ளலாம். ஆனால் நல்ல படத்துக்கு ஜனவரிக் கடைசிவரை பொறுக்க வேண்டும். அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது தண்ணீர். இந்த வாத்துகளில் பெரும்பாலானவை தலையை மட்டும் நீருக்குள் கவிழ்த்து, வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மேய்பவை. முழங்கால் ஆழம்கூட அவற்றுக்கு அதிகம். ஏரி நிரம்பி நிற்கும்போது அப்படிப்பட்ட ஆழமில்லாத தண்ணீர் கரைக்கு நேர் எதிரே, நீர் வந்து சேரும் தூரத்துக் கோடியில்தான் இருக்கும். கரையடியில், மதகுப் பக்கம்தான் பள்ளம். மதகைத் திறந்து பாசனம் நடக்க நடக்கத் தண்ணீர் கரைப்பக்கமாக ஒடுங்கும், வாத்துகளும் அதன் பின்னாலேயே நெருங்கி வரும். டிசம்பரில் 300 மீட்டருக்கு அப்பால் மிளகு தூவியதுபோலத் தெரிந்த கூட்டம், பிப்ரவரிக் கடைசியில் 60 மீட்டரில் மேய்வதைப் பார்த்திருக்கிறேன். இந்த உதவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் செய்யாது.

இரண்டாவது இறகு. ஆண் நீலச்சிறகி இங்கே வந்திறங்கும்போது பெண்ணைப் போலவே மங்கிய பழுப்பாக இருக்கும். கண்ணுக்கு மேல் தொடங்கிப் பிடரிவரை வளைந்து இறங்கும் அந்த வெள்ளைப் புருவம் தெளிய ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். அப்புறம் மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஆக நமக்குக் கிடைப்பது ஆறேழு வாரம்.

எங்கே நிற்பது

மற்றதை வேகமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

நம் பக்கத்துச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. சரிந்து வரும் தண்ணீரைக் கிழக்கே மறித்துத்தான் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கரைமேல் ஏறித் தண்ணீரைப் பார்த்தால் நீங்கள் மேற்கே பார்த்து நிற்பீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் தென்கிழக்கில் எழும். அதாவது உங்கள் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏரிமேல் விழும். படத்துக்கு இதைவிட நல்ல வெளிச்சம் வேண்டாம்.

அடுத்தது காற்று. விமானம் போலத்தான் வாத்தும்: எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே போகும். இந்த மாதங்களில் பகலில் வீசுவது பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. கரையில் நிற்கும் உங்களுக்கு அது வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். ஏரி நடுவிலிருந்து எழும்பும் கூட்டம் அந்தக் காற்றை நோக்கி, கரையை நோக்கி, உங்கள் முகத்தை நோக்கி வரும். நான் முதல் வருடம் செய்தது என்ன தெரியுமா? இன்னும் கிட்டே போகலாம் என்ற ஆசையில் மேற்குப் பக்கமாகச் சுற்றி வந்து, காய்ந்த ஏரிப்படுகையில் இறங்கி நடந்தேன். சூரியன் என் கண்ணில், காற்று என் முகத்தில், என்னைக் கண்டு எழும்பிய வாத்துகள் எல்லாம் எதிர்த்திசையில். முதுகைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?

ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலையில் கடலோர மாவட்டங்களில் நிலக்காற்று மேற்கிலிருந்து லேசாக வரும். அந்த நேரத்தில் கரையில் நின்றாலும் முதுகுதான். என் ஏரிகளில் எட்டு மணி வாக்கில் காற்று திரும்புகிறது. ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறிக் கானல் எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த அலையடிப்பில் தூரத்து வாத்தின் இறகுகள் மெழுகு உருகியதுபோலப் படத்தில் விழும், எந்த ஃபோகஸும் அதைச் சரிசெய்யாது. இடையில் உள்ள ஒன்றரை மணி நேரம்தான் வேலை நேரம். அதற்கு முன்பே வந்து உட்கார்ந்து, பறவைகள் உங்களைப் பழகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

காற்று திரும்பியதை எப்படித் தெரிந்துகொள்வது? நான் லென்ஸ் ஹூடில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. இன்னொரு வழி வாத்துகளையே பார்ப்பது: நீரில் ஓய்வாக மிதக்கும் கூட்டம் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் நிற்கும்.

கரையில் நடுவைவிடச் சற்று வடக்கே தள்ளி இடம் பிடியுங்கள். அப்போது வடகிழக்காக வரும் பறவைகள் உங்களை ஒட்டிக் கடக்கும். கரை உச்சியில் நிமிர்ந்து நிற்காதீர்கள். வானத்தின் முன்னால் கறுப்பாகத் தெரியும் மனித உருவம்தான் அவற்றை முதலில் மிரட்டுவது. உள்சரிவில் கல் பதித்த இடத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்காருங்கள். சட்டை மண் நிறமோ பச்சையோ போதும், ராணுவ உடை தேவையில்லை. புல்லில் உட்காரும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்புகளும் காலை வெயில் காய வரும்.

எல்லா ஏரிக்கும் கரை கிழக்கில்தான் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவே கைபேசி வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். வேடந்தாங்கல் கூடு கட்டும் நாரைகளுக்கும் அரிவாள் மூக்கன்களுக்கும் பேர்போனது. வாத்துக்கு அதன் அருகே உள்ள கரிக்கிலி மேல். தெற்கே இருப்பவர்களுக்குக் கூந்தன்குளம், டெல்டாவில் வடுவூர், மேற்கே திருப்பூரின் நஞ்சராயன் குளம்.

லென்ஸும் ஒரு சின்னக் கணக்கும்

புதியவர்கள் பலரும் வாங்குவது 150-600, 200-600, 100-400 வகை ஜூம்கள். தொடக்கத்துக்கு ஜூம்தான் சரி. காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 600 மி.மீ. வைத்தால், 50 மீட்டர் தூரத்தில் உங்கள் படத்துக்குள் அடங்கும் அகலம் 3 மீட்டர். ஒன்றரைக் கட்டில் நீளம், அவ்வளவுதான். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. வைத்தாலும் கிட்டத்தட்ட இதே அகலம்தான். வாத்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். அந்த 3 மீட்டரை அது கடக்க ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால்தான் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு வாத்தைத் தேடினால் வெறும் வானம் மட்டும் தெரிகிறது.

தீர்வு: 250, 300-இல் தொடங்குங்கள். பறவை உள்ளே வந்ததும், ஃபோகஸ் பிடித்ததும், அப்புறம் மெல்ல ஜூமை நீட்டுங்கள். அல்லது நீட்டாமலே எடுத்துப் பிறகு ஓரங்களை வெட்டி கிராப் செய்யுங்கள். சிறகு வெட்டுப்பட்ட பெரிய வாத்தைவிட, முழுசாக உள்ள சின்ன வாத்து நல்லது.

எடையையும் யோசியுங்கள். இந்த 600 மி.மீ. ஜூம்கள் 2 கிலோவை ஒட்டி இருக்கும், கேமரா தனி. பத்து நிமிடம் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கத் தொடங்கும். தூக்கிப் பிடித்தபடியே காத்திருப்பதைவிட, லென்ஸை மடியில் வைத்துக் காத்திருந்து தேவைப்படும்போது தூக்குங்கள். மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி சிலருக்கு ஒத்துவருகிறது. எனக்கு அது பக்கவாட்டில் வேகமாகத் திரும்பும்போது காலில் கட்டிய கட்டை மாதிரி.

கேமராவில் மாற்ற வேண்டியவை

இதை வீட்டிலேயே செய்து, கேமராவில் தனி அமைப்பாகச் சேமித்துவிடுங்கள். ஏரியில் மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தால் கூட்டம் போய்விடும்.

மேனுவல் மோடு. ஷட்டர் 1/2500 நொடி. 1/1000-இல் உடல் நிற்கும், சிறகு நுனி கலங்கும். நீலச்சிறகி போன்ற சின்ன வாத்துகளின் சிறகடிப்பு அவ்வளவு வேகம். அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, உங்கள் லென்ஸில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, பெரும்பாலும் எஃப் 6.3. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்வு அளவை) முதலில் ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பை 6400 என்று வையுங்கள்.

ஆட்டோ ஐஎஸ்ஓவில் ஒரு தொல்லை. வாத்து வெள்ளை வானத்தின் முன் பறந்தால் கேமரா ஏமாந்து அதைக் கரியாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்ட வேண்டும். அதே வாத்து கருவேல மரங்களின் இருட்டுப் பின்னணிக்குப் போனால் கூட்டியதைக் குறைக்க வேண்டும். பறக்கும் வாத்து இரண்டையும் இரண்டு நொடியில் கடக்கும். அதனால் மேகமில்லாத நாளில் வெயில் நிலையானதும் ஐஎஸ்ஓவையும் கையாலேயே பூட்டிவிடுவேன். காலை எட்டு மணி வெயில் நேராக விழும்போது 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, ஒரு கொக்கை எடுத்துப் பார்த்து, வெள்ளை வெளுத்துப்போனால் 640-க்கு இறக்குவேன். பறவை எந்தப் பின்னணிக்குப் போனாலும் அதன்மேல் விழும் வெயில் ஒன்றுதானே. ஆண் குள்ளத்தாராவுக்கு முகம், கழுத்து, வயிறு எல்லாம் வெள்ளை, அதற்கு இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஃபோகஸ் தொடர் மோடில் இருக்கட்டும். கேமராவில் பறவையைக் கண்டறியும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுவிலுள்ள சிறு தொகுதிப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள், ஒற்றைப் புள்ளி வேண்டாம். லென்ஸ் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். பலர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. 10 மீட்டரிலிருந்து முடிவிலி என்று வையுங்கள். கிட்டேயுள்ள கோரைப் புல்லுக்கும் தூரத்து வானத்துக்குமாக லென்ஸ் உறுமிக்கொண்டு அலைவது பாதி குறையும். அசைவு நிலைப்படுத்தியைப் பக்கவாட்டு மோடுக்கு மாற்றுங்கள், பெரும்பாலான லென்ஸ்களில் 2 என்று எழுதியிருக்கும்.

பர்ஸ்ட் (தொடர்ந்து படமெடுக்கும்) வேகத்தை உச்சத்தில் வையுங்கள், ஆனால் ஐந்தாறு படமாகத் தட்டித் தட்டி எடுங்கள். விரலை எடுக்காமல் அழுத்தினால் சரியான நொடி வரும்போது கேமரா கார்டில் எழுதிக்கொண்டு நிற்கும்.

உடம்பை வைக்கும் விதம்

துப்பாக்கி தூக்குவதுபோல லென்ஸைத் தூக்காதீர்கள், தோள் வலிக்கும். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முடிந்தவரை முன்னால். இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டியிருக்கட்டும். பாதங்கள் எந்தத் திசையில் படத்தை எடுக்க நினைக்கிறீர்களோ அந்தத் திசையில். வாத்து வரும் பக்கம் இடுப்பை மட்டும் முறுக்கிக் காத்திருந்தால், அது வர வர முறுக்கு அவிழும். சரியான இடத்தில் உடம்பு இளகி நிற்கும். இதைத் தலைகீழாகச் செய்தால் கடைசி நொடியில் இடுப்பு மாட்டிக்கொண்டு படம் ஆடும்.

கண்ணை வாத்திலிருந்து எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். ஷட்டரை விட்ட பிறகும் ஒரு நொடி பறவையோடு கூடவே திரும்புங்கள். அழுத்தியவுடன் நின்றுவிடும் கை, அழுத்தும்போதே நிற்கத் தொடங்கியிருக்கும்.

இதற்கு வாத்தே வேண்டும் என்றில்லை. மொட்டை மாடியில் காக்கை, மாடப்புறா போதும். ஏரிக்குப் போனால் முதலில் கொக்கு: வெள்ளையாக, மெதுவாக, சொன்ன பேச்சைக் கேட்கும். அடுத்து நீர்க்காகம். அது வாத்தைப் போலவே கழுத்தை நீட்டி நேர்கோட்டில் பறக்கும். நீர்க்காகத்தில் பத்துக்கு ஐந்து தெளிவாக வரும் நாள் வாத்துக்குப் போங்கள்.

எழும்பப் போகிறது என்று எப்படித் தெரியும்

அமைதியாக மேயும் கூட்டத்தில் முதலில் ஒரு கழுத்து குச்சி மாதிரி நிமிரும். அப்புறம் பக்கத்தில் ஒன்று. தலையைச் சடசடவென்று உதறும், மேலும் கீழுமாக ஆட்டும். உடம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பும். கேமரா அப்போதே கண்ணில் இருக்க வேண்டும். அடுத்த நொடி நீலச்சிறகி ஓட்டமே இல்லாமல் நேராக மேலே கிளம்பும். முதல் சிறகடிப்பில் நீர் பாவாடை விரித்ததுபோலச் சுற்றிலும் தெறிக்கும், இரண்டாவதில் தொங்கும் காலிலிருந்து துளிகள் நூல் கோத்ததுபோல இறங்கும். என் கணக்கில் மூன்றாவது சிறகடிப்புதான் படம்: சிறகு முழுக்க மேலே, உள்ளே பச்சைப் பட்டை, முகத்தில் வெயில். நாமக்கோழி அப்படி எழும்பத் தெரியாதது. தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் கிளம்பும், புதியவர்களுக்கு நல்ல பயிற்சி.

சிறந்த உதவியாளர் சேற்றுப் பூனைப்பருந்து. கோரைக்கு மேல் தாழ்வாக, சிறகை ‘வி’ போலத் தூக்கி வைத்துக்கொண்டு அது வருவதைப் பார்த்தால் பருந்தை விட்டுவிட்டு வாத்துகளைப் பாருங்கள். மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பருந்து போனதும் திரும்ப இறங்கும். எழும்புவதைத் தவறவிட்டாலும் இறங்குவது கிடைக்கும். இறங்கும்போது வேகம் குறைவு, சிறகைக் கிண்ணமாகக் குவித்து, காலை முன்னால் நீட்டி வரும். அதுவும் காற்றை எதிர்த்து, அதாவது உங்களைப் பார்த்து.

கூட்டத்தில் எல்லாவற்றையும் பிடிக்க ஆசைப்படாதீர்கள். ஓரத்தில் தனியாக வரும் ஒரு பறவையைத் தேர்ந்து அதையே தொடருங்கள்.

கல்லெறிந்தோ கை தட்டியோ எழுப்புவது வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாத்துகளில் பல இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை, தூங்குகிறவரை எழுப்பிப் படம் எடுப்பது போலத்தான் இது. படத்துக்கும் கெடுதல்: மிரண்டு எழும்பும் வாத்து காற்றைக்கூடப் பார்க்காது, உங்களுக்கு எதிர்த்திசையில் ஓடும். மறுபடியும் முதுகு.

மாலையில்

மாலையில் கரையிலிருந்து பார்த்தால் சூரியன் எதிரே. அதைக் குறையாக நினைக்க வேண்டாம். பொழுது சாயும்போது சீழ்க்கைச்சிறகிகள் விசிலடித்துக்கொண்டே வயல்களுக்கு மேயக் கிளம்பும். வானத்தின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, கறுப்பு உருவங்களாக எடுங்கள், ஷட்டர் 1/1600 போதும். சிறகு அகலம், பறப்பது மெதுவாக, அதனால் ஃபோகஸ் எளிது. சிறகுகள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பிரிந்திருக்கும் நொடியை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

ஒரு காலையில் 600 படம் எடுத்தால் எனக்கு ஆறு தேறும். கண் தெளிவாக இல்லாததை யோசிக்காமல் அழியுங்கள். சிறகு முகத்தை மறைப்பதையும், முதுகையும். அதற்கு முன் ஒரு வேலை: முதுகுப் படங்களில் நேரத்தைப் பாருங்கள். எட்டு மணிக்கு முன்னால் எடுத்ததா, கூட்டம் எந்தப் பக்கம் போனது, நீங்கள் கரையில் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு சீசனில் உங்கள் ஏரிக்கென்று ஒரு கால அட்டவணையே கிடைத்துவிடும். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: “பிப். 9. தண்ணீர் மதகின் மூன்றாம் படி. நூல் 7.50-க்குத் திரும்பியது. நீலச்சிறகி சுமார் 80, பனைமரத்துக்கு நேரே. மூன்று முறை எழும்பின, மூன்றும் நம் பக்கம். பருந்து ஒன்று, 8.20. இரண்டாவது முறை ஜூமை நீட்டி வைத்திருந்தேன், சிறகு வெட்டு. நாளை 400-ஐத் தாண்டக் கூடாது.”